நாயகனின் நெஞ்சில் ஒரு ஸ்டிக்கர்

நான் செய்யும் கேமில் நாயகனின் பனியனை இழை இழையாகக் கணக்குப் போட்டு வரைந்தால் கம்ப்யூட்டர் கரண்ட்டைக் குடிக்கிறது. மின்வெட்டில் யூ.பி.எஸ். உடனே படுத்துவிடுகிறது.

அதனால் இன்று நிஜப் பனியன் துணியை ஸ்கேன் செய்து, அந்தப் படத்தையே அவனுக்குப் போர்த்தினேன். கரண்ட் போன பிறகும் நெடுநேரம் ஓடினான்.

பக்கத்து பனியன் கம்பெனியில் செக்கிங் பார்க்கும் சரசக்காவிடம் காட்டினேன்.

"அசல் துணியாட்டவே இருக்குது கண்ணு," என்றவர் மானிட்டரை நெருங்கினார். "நெஞ்சுல கோடு ஓடுதே! துணி ஏது?"

"உங்க கம்பெனி வேஸ்ட்டுதானுங்க்கா."

"அதானே! காலைல நான் கழிச்ச துணி!"

குறையுள்ள துணியில் ஒட்டும் சிவப்பு அம்பு ஸ்டிக்கரை மானிட்டரில், அவன் நெஞ்சின் மேலேயே ஒட்டிவிட்டுப் போய்விட்டார்.

உலகைக் காப்பாற்ற வேண்டியவன் ரிஜெக்ட் ஆகி நிற்கிறான். எக்ஸ்போர்ட் தரத்தில் ஒரு சாண் துணி யாரிடமாவது இருக்கிறதா?