ழகரம் சுத்தம்

மனைவிக்குப் பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துபோன மூன்றாவது வாரம், காரைக்காலில் பேச்சுப் பயிற்சிக்கு அழைத்துப் போனேன். பயிற்சி கொடுப்பவர் இளம்பெண், திருச்சிக்காரர். ஒரு படிவத்தை நீட்டினார். படிவம் என்றால் என் கை தானாக நீளும். பிறர் நிரப்பிய படிவங்களைத் திருப்பி அனுப்பியே அரசு அலுவலகத்திலிருந்து ஓய்வு பெற்றவன் நான்.

'நோய்க்கு முன் உச்சரிப்பு' என்று அதில் ஒரு கட்டம்.

"முன்ன அம்மா பழம்னு சொல்வாங்களா, பளம்னா சார்?"

என் மனைவி காரைக்காலை அடுத்த நெரவிக்காரி. அவள் வாயில் பழம் பளம், மழை மள, கிழவன் கெளவன். கடைசிச் சொல் பெரும்பாலும் எனக்கானது. கல்யாணமான வாரத்திலிருந்து திருத்திக்கொண்டிருந்தேன். "ஒங்க பளம் மட்டும் ரெட்டிப்பா இனிக்குதாங்க?" என்பாள்.

"எங்க வீட்ல ழகரம் சுத்தம்" என்றேன். அதையே எழுதிக் கையொப்பமும் இட்டேன். வாய் கோணியபடி பக்கத்தில் இருந்தவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். மறுக்கத்தான் முடியவில்லை.

ஆகவே பயிற்சி ழகரத்தில் தொடங்கியது. ளகரத்துக்கு நாக்கின் நுனி மடங்கி அண்ணத்தைத் தொட்டால் போதும். ழகரத்துக்கோ, தொடாமல் அந்தரத்தில் நிற்க வேண்டும். பாதி செத்த நாக்கை அந்தரத்தில் நிற்கச் சொன்னால் எப்படி நிற்கும்? அது யகரத்தில் வழுக்கியது. பழம் வரவில்லை. ஒரு மாதம் முழுக்க "பயம், பயம்" என்றாள்.

ஒருநாள் பயிற்சி அறையின் ஜன்னலுக்கு வெளியே தூறியது. "மள" என்றாள். நோய்க்குப் பிறகு அவள் தெளிவாகச் சொன்ன முதல் சொல்.

"ள வருதும்மா. நாக்கு மேல தொடாம, இன்னொருவாட்டி" என்றார் அந்தப் பெண்.

வாயை மூடிக்கொண்டாள். அடுத்த நாலு முறை போனபோதும் திறக்கவில்லை.

பிறகு நானே படிவத்தைக் கேட்டு வாங்கினேன். விதிப்படி பிழையின்மேல் ஒற்றைக் கோடு, மேலே 'ளகரம்தான்', ஓரத்தில் சுருக்கொப்பம். படித்துப் பார்த்தவர், "இத மொதல்லயே சொல்லியிருக்கலாமே சார்" என்றார். எத்தனையோ பேரிடம் அலுவலக ஜன்னலுக்கு உள்ளேயிருந்து நான் சொன்ன வாக்கியம்.

இப்போது நான் கதவுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்கிறேன். உள்ளே பளம், மள, கெளவன் எல்லாம் கேட்கிறது. நடுவில் சிரிப்பும் கேட்கிறது. கதவைத் திறந்தால் நின்றுவிடுகிறது. வீட்டில் தண்ணீர் வேண்டுமென்றாலும் என்னிடம் டம்ளரைத்தான் காட்டுகிறாள்.