பருத்திக்காட்டுக் கூடாரங்கள்

அந்த ஞாயிற்றுக்கிழமை மதாம் இஸ்திரிப்பெட்டியை அணைத்துவிட்டு உட்கார்ந்த விதம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. எண்பதுகளின் பிற்பகுதி. கார் து நோர் ரயில் நிலையத்துக்கு அருகே ஒரு ஹோட்டலின் நிலக்கீழ் அறையில் படுக்கை விரிப்புகள் வெளுத்துக்கொண்டிருந்தோம்: ரூ காய் என்ற தெருவில் ஓர் அறையில் பலரோடு நெருக்கியடித்து இருந்த யாழ்ப்பாணத்து அகதியான நான், பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள பாண்டிச்சேரி அண்ணன், எங்களுக்குப் பொறுப்பான மதாம். அவர் அமெரிக்காவின் தெற்குக் கிராமமொன்றில் பிறந்த கறுப்பினப் பெண். சிப்பாய் ஒருவரை மணந்து ஐரோப்பா வந்து, பின்னர் தனித்துப்போனவர். வேலை நேரத்தில் உட்காராதவர்.

அன்று பிரான்சில் தேர்தல். "நீங்கள் போகேல்லையோ அண்ணை?" என்று கேட்டேன்.

"ஓட்டுப் போட்டு என்னா ஆவப்போவுது தம்பி? எவன் வந்தாலும் நமக்கு இந்தத் துணிதான்."

என்ன பேசுகிறோம் என்று மதாம் கேட்க, அண்ணன் சிரித்தபடி பிரெஞ்சில் சொன்னார். மதாம் சிரிக்கவில்லை; அப்போதுதான் இஸ்திரிப்பெட்டியை அணைத்துவிட்டு உட்கார்ந்தார்.

அவர் பிரெஞ்சும் ஆங்கிலமுமாகச் சொன்னதை என் தமிழில் சொல்கிறேன். அவருடைய ஊரில் கறுப்பர்களே அதிகம். வாக்காளராகப் பதிய மட்டும் அவர்களை விடுவதில்லை. மதாம் சிறுமியாக இருந்தபோது, வெள்ளைக்காரரின் பருத்தி நிலத்தில் விளைச்சலில் பங்கு கொடுத்து வாரத்துக்குப் பயிரிட்ட அவருடைய தந்தை, அயலவர் சிலரோடு பட்டணத்துக்குப் போய்ப் பிடிவாதமாக நின்று தன் பெயரைப் பதிந்தார். உடனே வெள்ளைக்காரர்கள் அவர்களுடைய வீட்டைப் பறித்தார்கள். கடைகளில் மாவும் மண்ணெண்ணெயும் கொடுக்க மறுத்தார்கள். சொந்த நிலம் வைத்திருந்த ஒரு கறுப்பின விவசாயி தன் வயலை விட்டுக்கொடுத்தார். துரத்தப்பட்ட குடும்பங்கள் அங்கே கூடாரம் அடித்தன. வீதியால் போகும் கார்களிலிருந்து சுடுவார்கள். பிள்ளைகள் சேற்றில் குப்புறப் படுப்பார்கள்.

"ஒருத்தரும் திரும்பிப் போய்ப் பெயரை வெட்டேல்லை," என்றார் மதாம்.

அந்தக் குளிரில் கடைசித் தம்பிக்குச் சளிக்காய்ச்சல். பட்டணத்து டாக்டர் வாசலிலேயே மறித்து, பெயரை வெட்டிவிட்டு வந்தால் பார்க்கிறேன் என்றாராம். தாய், தந்தையின் கையைப் பிடித்து, பெயரை வெட்டச் சொல்லி மன்றாடினார். தந்தை பிள்ளையைத் தூக்கிக் காரில் ஏற்றி, அடுத்த பட்டணத்துக்கு ஓட்டினார். வழியிலேயே தாயின் மடியில் பிள்ளை போய்விட்டது.

பாண்டிச்சேரி அண்ணன் மெல்ல எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே போனார். எங்கே என்று நாங்கள் கேட்கவில்லை.

ஊரில் கடைசியாக நான் போட்ட வாக்கு எண்ணப்பட்டதா என்பதே எனக்குத் தெரியாது. அதனால்தானோ என்னவோ கேட்டேன்: "பிறகு உங்கட அம்மா வாக்குப் போட்டவவோ?"

"ஒவ்வொரு முறையும். ஆனா அப்பாவோட போகமாட்டா. விடியவே தனிய நடந்துபோய், அவருக்கு முன்னம் போட்டிட்டு வந்திடுவா. வந்து தம்பியின்ர சட்டையை மடியில வைச்சுக்கொண்டு இருப்பா. அண்டைக்கு முழுக்க ஒருத்தரோடயும் கதைக்கமாட்டா."

இப்போது நானும் இந்நாட்டின் குடிமகன். மதாம் இறந்து பல காலம். நான் இருக்கும் லா ஷப்பல் பகுதியில் தேர்தல் நாளன்று வரிசையில் நிற்கும்போது பக்கத்தில் யாராவது பேச்சுக் கொடுத்தால், அந்தத் தாயின் மடியில் இருந்த சட்டைதான் எனக்கு நினைவுக்கு வரும்.