கருப்புக்கு விட்ட கிடா

என் மகள் பன்னிரண்டாவது முடித்ததும் டாக்டருக்குப் படிக்கப் போவதாகச் சொன்னாள். நான் ஐந்தாவது வரைக்கும் போனவள். எனக்கு அதில் சொல்ல ஒன்றும் இல்லை. குலசாமி கருப்பு கோயிலில் போய் நின்றேன். பெரம்பலூர் ஆஸ்பத்திரியில் இவள் மனுசருக்கு வைத்தியம் பார்க்கிற நாளைக் காட்டு, சீட்டுக் கிடைத்ததும் கிடா வெட்டுகிறேன் என்று வேண்டினேன். எங்கள் பட்டியில் பிறந்த கறுப்புக் குட்டி ஒன்றைக் காது கீறி அவருக்கென்று விட்டேன்.

அப்படி விட்டதை விற்க முடியாது. வேறு விசேஷத்துக்கு வெட்டவும் முடியாது. வேண்டினது நடக்கிற வரைக்கும் வளர்ந்துகொண்டே இருக்கும்.

நீட்டுப் பரீட்சை எழுதினாள். மார்க்கு வரவில்லை. வாலிகண்டபுரத்தில் பஸ் ஏறி பெரம்பலூர் கோச்சிங்குக்குப் போய் வந்தாள். மறுபடியும் எழுதினாள். அதிலும் வரவில்லை. கிடா என் இடுப்பு உயரம் வந்துவிட்டது.

அதற்கப்புறம் மகளுக்குப் பேச்சுக் குறைந்துபோனது. சோறு வைத்தால் பிசைந்துகொண்டே இருப்பாள். அழட்டும் என்று திட்டிக்கூடப் பார்த்தேன். அழவில்லை. எங்கள் கொல்லையில் கிணறு இருக்கிறது. அவள் அந்தப் பக்கம் போனால் நானும் குடத்தை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போவேன்.

"வூட்டுல தண்ணி ரொம்பித்தானம்மா கெடக்கு" என்பாள்.

"மாட்டுக்கு" என்பேன்.

எதற்கு வருகிறேன் என்று அவளுக்குத் தெரியும். இரண்டு பேரும் அதைப் பேசியதில்லை.

வீட்டுக்காரர் எறையூர் ஆலைக்குக் கரும்பு லோடு அடிக்கிற டிராக்டர் ஓட்டுகிறவர். "இன்னொரு தரம் எழுதட்டும்" என்றார். அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

மக்காச்சோளம் அடித்து ரோட்டில் காயப்போட்டிருந்த சமயம். கிடா கயிற்றை அறுத்துக்கொண்டு போய் வயிறு முட்டத் தின்றுவிட்டது. மத்தியானம் பார்த்தால் இடது பக்கம் பானை மாதிரி உப்பி, பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தது. சாமிக்கு விட்டது நோயில் செத்தால் குடும்பத்துக்கு ஆகாது என்பார்கள். வீட்டுக்காரர் டிரெய்லரில் தூக்கிப் போட்டார். மகள் யாரும் கூப்பிடாமலே ஏறி, அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டாள்.

கால்நடை ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா இருந்தார். "யாராச்சும் வாயப் புடிங்க" என்றார். வீட்டுக்காரர் குனிவதற்குள் மகள் பிடித்துவிட்டாள். குழாயை உள்ளே விட்டதும் காற்று புஸ்ஸென்று வந்தது. நாற்றம் தாங்கவில்லை. நான் முந்தானையால் மூக்கை மூடினேன். அவள் மூடவில்லை. கிடாவின் வயிற்றில் காதை வைத்தாள்.

"என்ன கேக்குது?" என்றார் டாக்டரம்மா.

"ஒண்ணுமே கேக்கல மேடம்."

"இப்பக் கேக்காதுதான். உள்ள உருளுற சத்தம் வந்துட்டா பொழச்சிக்கும். இருந்து பாரு."

சோடா மாவு கரைத்து ஊற்றி, ஊசி போட்டார்கள். அவள் கிடாவை விட்டு நகரவில்லை. சாயங்காலம் என்னைக் கூப்பிட்டாள்.

"அம்மா, உருளுது. இங்க வந்து கேளு."

காதை வைத்தேன். தூரத்தில் லாரி போகிற மாதிரி ஒரு சத்தம். எனக்கு அது பெரிதாகப் படவில்லை. அவள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பி வரும்போது, ஆட்டுக்கு வயிறு நாலு பாகம் என்று டிராக்டர் சத்தத்துக்கு மேல் கத்திக் கத்திப் பேசிக்கொண்டு வந்தாள்.

கொஞ்ச நாள் கழித்துச் சொன்னாள். "மாட்டு டாக்டருக்குப் படிக்கிறேம்மா. அதுக்கு நீட்டு வேணாம். பன்னெண்டாவது மார்க்கே போதும்."

"புடிச்சுத்தான் போறியா?"

"அத நெனச்சா தூக்கம் வருதும்மா."

வீட்டுக்காரரிடம் சொன்னேன். "சரி. சாப்புடச் சொல்லு" என்றார்.

சீட்டும் கிடைத்தது. சேதி கேட்டு அரியலூரிலிருந்து நாத்தனார் வந்தாள்.

"ஏன் அண்ணி, மனுசனுக்கு நாடி புடிக்கிறேன்னு போனவ, மாட்டு வாலப் புடிக்கப் போறாளாமே?"

"ஆமாத்தை" என்றாள் மகள். "மாடு முட்டறதோட சரி. குத்திப் பேசாது."

நாத்தனாருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அப்புறம் சொன்னாள்: "அது கெடக்கட்டும். நீங்க வேண்டுனது ஒண்ணு, நடந்தது ஒண்ணு. இதுக்குக் கிடா வெட்டுனா கருப்பு ஏத்துக்குவாரா?"

அது எனக்குள் முள்ளாகத் தங்கிவிட்டது. அவர் ஏற்காவிட்டால் அந்தக் குறை இவள் தலைமேல்தான் நிற்கும். பூசாரியிடம் போனேன்.

"கொண்டா. தண்ணி தெளிப்போம்" என்றார். "புடிச்சிருந்தா துலுக்கப் போவுது."

எங்கள் பக்கம் அப்படித்தான். மஞ்சத்தண்ணி தெளித்ததும் கிடா உடம்பை உதறித் துலுக்கினால் சாமி ஏற்றுக்கொண்டார் என்று அர்த்தம். துலுக்காத கிடாவை வெட்ட மாட்டார்கள்.

"நீ காப்பாத்துன கிடா. மனசு கேக்குமா?" என்று மகளைக் கேட்டேன்.

"வவுறு வெடிச்சிச் சாவ வேணாம்னுதான் பாத்தேன். சாமிக்கு விட்டது சாமிக்குத்தான்" என்றாள். அவளே கயிற்றைப் பிடித்துக் கோயிலுக்குக் கூட்டி வந்தாள்.

பூசாரி தண்ணி தெளித்தார். கிடா சும்மா நின்றது. மறுபடி தெளித்தார். கழுத்து மாலையைத் தின்ன ஆரம்பித்தது.

"கருப்பு யோசன பண்றாரு" என்று பின்னால் யாரோ சொன்னார்கள். நாத்தனார் என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்க்கவில்லை. நான் கேட்டதை நீ கொடுக்கவில்லை, நீ கொடுத்ததே எனக்குப் போதும் என்று மனசுக்குள் சொன்னேன். சாமியிடம் அதற்கு மேல் பேச எனக்குத் தெரியாது.

பூசாரி சொம்பை முதுகில் கவிழ்த்தார். கிடா கொம்பிலிருந்து வால் வரைக்கும் ஒரு துலுக்கு துலுக்கியது. மகள் முகமெல்லாம் மஞ்சத்தண்ணி. முதல் குலவை நாத்தனார் போட்டதுதான்.

கறியை வீட்டுக்குக் கொண்டுவந்து ஆக்கினோம். மகள் மறுசோறு வாங்கிச் சாப்பிட்டாள். எச்சில் கையோடு எழுந்தாள்.

"கெணத்தாண்ட போயி கை கழுவிட்டு வரேம்மா."

"போயிட்டு வா" என்றேன்.

குடம் என் பக்கத்திலேயே இருந்தது. நான் எழுந்திருக்கவில்லை. எனக்கும் ஒரு கரண்டி சோறு போட்டுக்கொண்டேன்.