பின்சீட்டு கண்டக்டர்

காரின் பின்கதவில் உள்ளங்கையால் இரண்டு தட்டு விழும். உடனே "போலாம் ரைட்" என்று ஒரு குரல் வரும். அது வந்த பிறகுதான் நான் கிளட்சிலிருந்து காலை எடுப்பேன். என் மாமனார் மாநகரப் பேருந்தில் நடத்துனராக இருந்து ஓய்வு பெற்றவர். சைக்கிளைத் தவிர வேறு எதையும் அவர் ஓட்டி யாரும் பார்த்ததில்லை. முன்சீட்டில் உட்காருங்கள் மாமா என்று எவ்வளவு கெஞ்சினாலும் கேட்கமாட்டார். பின்சீட்டில் இடதுபக்க ஜன்னலோரம்தான் அவர் இடம். முன்சீட்டைக் காலியாக விட்டு, பின்னால் ஒரு பெரியவரை வைத்துக்கொண்டு நான் ஓட்டிப் போவதைப் பார்த்து, எங்கள் ஃப்ளாட்டுக்குப் புதிதாகக் குடிவந்த ஒரு அம்மாள் நான் டாக்சி ஓட்டுகிறேன் என்று நினைத்துவிட்டார். சென்ட்ரலுக்கு வருவீர்களா என்று ஒருநாள் என்னை நிறுத்திக் கேட்டார். மாமா அதைப் பல நாள் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

அவர் அந்தப் பின்சீட்டுக்கு வந்தது சொகுசாகப் போகவா என்றால் இல்லை. சாட்சி சொல்வதற்காக வந்தார்.

நான் திண்டுக்கல் பக்கத்திலிருந்து கல்யாணமாகி மேனாம்பேட்டுக்கு வந்தவள். வேலப்பன்சாவடியில் ஒரு கல்லூரியின் வேதியியல் ஆய்வகத்தில் எனக்கு வேலை. பஸ், ஷேர் ஆட்டோ, மறுபடி பஸ் என்று ஏறி இறங்கியே பாதி உயிர் போய்விடும். அதற்குப் பயந்துதான், நாற்பதை நெருங்கும் வயதில், என் மகள் கைகொட்டிச் சிரிக்கச் சிரிக்க, கார் ஓட்டப் பழகினேன். சின்னக் கார்தான். புதுசு. என் பெயரில் நான் வாங்கிய முதல் பெரிய பொருள் அது. காலையில் சாவியை எடுத்துக்கொண்டு மாடிப்படி இறங்கும்போது எனக்கே என்னைப் பிடிக்கும். அந்தச் சந்தோஷத்தை இன்றுவரை நான் யாரிடமும் சரியாகச் சொன்னதில்லை.

அந்தக் கார் நடுரோட்டில் நிற்க ஆரம்பித்தது. ஓடும்போது ஒன்றும் செய்யாது. வானகரம் சந்திப்பில் நெரிசலில் பிரேக் பிடித்து நின்றால், சில நாள் ஒரு குலுக்கு குலுக்கிவிட்டு அணைந்துபோகும். பின்னால் ஹாரன் காதைப் பிளக்கும். பைக்கில் தாண்டிப் போகிறவர்கள் திரும்பிப் பார்த்து, ஓட்டுவது பெண் என்று தெரிந்ததும் ஒரு தலையாட்டு ஆட்டிவிட்டுப் போவார்கள். அந்தத் தலையாட்டுக்கு நாலு கெட்ட வார்த்தை தேவலை.

நெடுஞ்சாலையில் இருந்த கம்பெனி சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோனேன். அங்கே போனால் அந்தக் கார் நல்ல பிள்ளையாகிவிடும். சர்வீஸ் அட்வைசர் கம்ப்யூட்டரை மாட்டிப் பார்ப்பார், எந்தக் கோளாறும் காட்டவில்லை என்பார், தண்ணீர் அடித்துப் பளபளவென்று திருப்பித் தருவார். மறுபடி நிற்கும், மறுபடி போவேன். கடைசியில் அவர் என்னிடம் பேசுவதையே விட்டுவிட்டார். "சார்ட்ட போன்ல பேசிட்டேன் மேடம்" என்றார். சாரிடம், அதாவது என் கணவரிடம், அவர் சொன்னது இதுதான்: வண்டியில் தப்பில்லை, மேடம் புதுசு, கிளட்சை விடத் தெரியவில்லை.

அன்று இரவுச் சாப்பாட்டில் என் கணவர் நல்லவிதமாகத்தான் ஆரம்பித்தார். கொஞ்ச நாளைக்கு நீ பஸ்ஸில் போ, வண்டியை நான் எடுத்துக்கொள்கிறேன், கை பழகியதும் பார்க்கலாம் என்றார். எனக்கு ஆத்திரமாக வந்தது. அதைவிட மோசம், அவர் சொல்வது சரியாக இருக்குமோ என்று எனக்கே தோன்ற ஆரம்பித்திருந்தது. சாவி கைவிட்டுப் போனால் திரும்பி வராது என்று மட்டும் நிச்சயமாகத் தெரிந்தது.

மாமா ரசத்தை உறிஞ்சிவிட்டு நிதானமாகக் கேட்டார்.

"வண்டி நின்னப்ப நீ கூட இருந்தியாடா?"

"இல்லப்பா. சர்வீஸ்ல சொல்றாங்க."

"சர்வீஸ்காரன் இருந்தானா?"

"இல்ல."

"அப்ப யாரு இருந்தது? இந்தப் பொண்ணு. டிரைவரு இன்னா சொல்லுதோ அதான் பேச்சு. கண்டக்டர் இல்லாத வண்டின்னா ஆளாளுக்குப் பேசுவீங்களா? நாளைக்கு நான் போறேன் கூட."

டிப்போவில் வண்டி பழுது என்று டிரைவர் சொன்னால் யாரும் லேசில் ஒப்புக்கொள்ள மாட்டார்களாம். கூட இருந்த கண்டக்டர் வந்து, ஆமாம், நின்றது, என் கண்ணால் பார்த்தேன் என்று சொல்ல வேண்டுமாம். தன் டிரைவரை விட்டுக்கொடுக்கிற கண்டக்டரை டீக்கடையில்கூடச் சேர்க்க மாட்டார்களாம். அவர் அறிந்த நியாயம் அவ்வளவுதான். மறுநாளிலிருந்து பின்சீட்டில் ஏறிக்கொண்டார். கல்லூரி வாசல்வரை வருவார், அங்கிருந்து பஸ் பிடித்து வீடு திரும்புவார். அவர் ஏறியதும் வண்டி நிற்கவே இல்லை. ஒவ்வொரு நாளும் இறங்கும்போது அவர் முகத்தில் இருந்த ஏமாற்றத்தைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும். ஒருவழியாக அயனம்பாக்கம் திருப்பத்தில் அது குலுங்கி அணைந்தபோது, லாட்டரி விழுந்தவர் குரலில் "நின்னுச்சு, நின்னுச்சு" என்றார்.

வண்டி மறுபடி பிடித்ததும் நேராக சர்வீஸ் சென்டருக்குப் போனோம். வெள்ளைச் சட்டையை மடிப்புக் கலையாமல் இன் செய்திருந்த அந்த அட்வைசர் மாமாவை மேலும் கீழும் பார்த்தார்.

"ஐயா, நீங்க கார் ஓட்டுவீங்களா?"

"ஓட்ட மாட்டேம்பா. ஆனா எத்தினியோ டிரைவருக்குப் பின்னாடி நின்னுகினு வந்துகீறேன். ஓட்டத் தெரிஞ்சவன் யாரு, தெரியாதவன் யாருன்னு காலு சொல்லிடும். இது ஓட்டத் தெரிஞ்ச பொண்ணு. நம்பிக்க இல்லன்னா நீயே ஓட்டு. நான் பின்னால குந்திக்கிறேன்."

அட்வைசர் ஓட்டினார், நான் பக்கத்தில். பூந்தமல்லியை நோக்கிக் கார் வெண்ணெயாகப் போனது. அவர் என்னை ஓரக்கண்ணால் பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டார். அப்போது சாலையோரத்தில் ஒரு பேருந்து நிறுத்தம் வந்தது. கூட்டம் நின்றிருந்தது. பின்னாலிருந்து "ஹோல்டான்" என்று ஒரு அதட்டல். அட்வைசர் திடுக்கிட்டு பிரேக்கை மிதித்தார்.

"மன்னிச்சுக்கப்பா. ஸ்டாப்பிங்கப் பாத்தா வாய் தானா சொல்லிடுது. போலாம் ரைட்."

அடுத்த நிறுத்தத்திலும் அதே கதை. பழக்க தோஷமா, வேண்டுமென்றே செய்தாரா என்று பின்னால் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன், மாமா பிடிகொடுத்ததில்லை. மெட்ரோ வேலைக்காகச் சாலையைப் பாதியாக அடைத்திருந்தார்கள். வெயிலில், ஏசியைப் போட்டுக்கொண்டு, நின்று நின்று ஊர்ந்தோம். குமணன்சாவடி நிறுத்தத்தில் மறுபடி ஒரு "ஹோல்டான்". அட்வைசர் நிறுத்தினார். கார் ஒரு குலுக்கு குலுக்கியது. அணைந்தது.

அவர் சாவியைத் திருகினார். பிடிக்கவில்லை. மறுபடி திருகினார். பின்னால் ஹாரன்கள் தொடங்கின. ஒரு ஷேர் ஆட்டோக்காரர் பக்கத்தில் வந்து தலையை நீட்டி, "இன்னாபா, ஓட்டத் தெரியலன்னா ஓரமா நிக்கறது?" என்று சொல்லிவிட்டுப் போனார். அட்வைசரின் காதுகள் சிவந்துவிட்டன. நெற்றி வியர்வை மூக்கில் இறங்கியது. சாவியை விடாமல் திருகிக்கொண்டே இருந்தார். அந்தப் பதற்றம் எனக்கு நன்றாகத் தெரியும்.

இப்போது மாமா அவரை ஒரு பிடி பிடிப்பார் என்று காத்திருந்தேன். உண்மையைச் சொன்னால், ஆசையாகவே காத்திருந்தேன். மாமா பின்னாலிருந்து அவர் தோளில் கை வைத்தார்.

"பதறாத தம்பி. உன் மேல தப்பில்ல. வண்டி அப்பிடி."

நான் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு அழுதேன். அத்தனை மாதமாக நான் கேட்கத் தவித்த வார்த்தை அதுதான் என்று, அது இன்னொருவருக்குச் சொல்லப்பட்டபோதுதான் எனக்கே தெரிந்தது.

அட்வைசர் போன் செய்ய, இன்ஜின் சூடு குறைவதற்குள் சர்வீஸ் சென்டர் ஆட்கள் வந்து அங்கேயே கம்ப்யூட்டரை மாட்டினார்கள். இந்த முறை கோளாறு மாட்டிக்கொண்டது. இன்ஜினுக்குக் காற்றை அளந்து விடும் ஒரு பாகம் சூடேறியதும் மக்கர் செய்கிறதாம். வாரண்டியில் மாற்றித் தந்தார்கள். அதன் பிறகு அந்தக் கார் நடுவழியில் நின்றதில்லை; மாமாவும் பின்சீட்டை விடவில்லை. இப்போதும் அதில்தான் போகிறேன். மாமா காலமாகிச் சில வருடங்கள் ஆகின்றன. முன்சீட்டில் மகள் காதில் ஒயரைச் செருகிக்கொண்டு வருகிறாள். சர்வீஸ் சென்டர் கண்ணாடி மாளிகையாகிவிட்டது. காபி மெஷின் இருக்கிறது, அட்வைசர்களில் பெண்களும் இருக்கிறார்கள், திருப்தியா மேடம் என்று போனுக்குச் செய்தி வருகிறது. திருப்திதான். ஆனாலும் பின்சீட்டில் ஆளில்லாத கார் எனக்கு இன்னும் பழகவில்லை.

பாகம் மாற்றிய அன்று சாயங்காலம் வண்டியைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினேன். என் கணவர் கேட்டைத் திறந்துகொண்டு வந்து, எப்போதும்போல அப்பாவிடம்தான் கேட்டார்.

"வண்டி சரியாயிடுச்சாப்பா?"

மாமா செருப்பை உதறிவிட்டுப் படியேறிக்கொண்டே சொன்னார்.

"என்ன ஏன்டா கேக்குற? டிரைவராண்ட கேளு."

என் கணவர் என் பக்கம் திரும்பி, "என்ன ஆச்சு, சொல்லு" என்று கேட்டார். நான் சாவியைக் கையில் வைத்துக்கொண்டே, வானகரம் சந்திப்பில் முதல்முறை நின்றதிலிருந்து ஆரம்பித்து, ஒன்று விடாமல் சொன்னேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார்.