தொடாத கேசரி

என் மகளைப் பெண் பார்க்க அஞ்சுகிராமத்திலிருந்து வந்தவர்களில், பையனின் அம்மாமேல் எனக்கு வாசலிலேயே சந்தேகம் வந்துவிட்டது. செருப்பைக் கழற்றும்போதே, "பஸ்ஸுல வந்து இடுப்பு ஒடிஞ்சுபோச்சு மைனி" என்றாள். பெண் பார்க்க வந்த இடத்தில் யாராவது உள்ளதை உள்ளபடி பேசுவார்களா?

சீனி போடாத காப்பியைக் கேட்டு வாங்கிக் குடித்தாள். ஏத்தங்காய் வறுவலைத் தின்றாள். கேசரித் தட்டை மட்டும் தொடவில்லை. "பிள்ளைய எங்களுக்குப் பிடிச்சிருக்கு. எனக்குச் சுகர், இனிப்பு வேண்டாம்" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு எழுந்தாள்.

எங்கள் பக்கத்தில் பெண் வீட்டு இனிப்பைத் தொடாமல் எழுந்தால் சம்மதமில்லை என்று அர்த்தம். வாய் திறந்து வேண்டாம் என்று யாரும் சொல்வதில்லை. அவர்கள் தெருமுனை திரும்புமுன் நானும் என் கணவரும் ஆராய்ச்சியைத் தொடங்கிவிட்டோம்.

"சுகருன்னா, பேருக்கு ஒரு துண்டு கிள்ளிப் போடப்பிடாதா?" என்றார் அவர்.

வீடு பிடிக்கவில்லையோ, நான் பேசியது பிடிக்கவில்லையோ என்று எனக்கு மனசில் ஓடியது. மகள் தட்டுகளை எடுத்துக்கொண்டே, "பிடிச்சிருக்குன்னு சொன்னாங்கல்லாம்மா" என்றாள். அவளுக்குப் பையனை ரொம்பப் பிடித்திருந்தது.

மறுவாரம் அந்த அம்மாவே போன் செய்தாள். "உங்க முடிவு என்ன மைனி?"

எனக்கு உச்சி குளிர்ந்தது. ஆனாலும் பெண் வீட்டார் விழுந்தடித்துச் சரி என்றால் மதிப்பா? "ஆலோசிச்சுச் சொல்லுகோம்" என்றேன். சம்மதம்தான், இன்னொருதரம் கேளுங்கள் என்பதை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். அவளோ, "சரி, ஆலோசிங்க" என்று வைத்துவிட்டாள்.

அதன்பின் போனே வரவில்லை. கேசரியிலேயே தெரிந்துவிட்டது என்றார் கணவர். வேறு இடம் பார்க்கத் தரகரிடம் சொல்லலாம் என்று அவர் பேச்செடுத்ததும், மகள் சாப்பாட்டைப் பாதியில் விட்டு எழுந்தாள். அவள் கைகூடக் கழுவாமல் இடக்கையால் என் போனை எடுத்து அந்த அம்மாவையே அழைத்தாள்.

"எனக்குச் சம்மதம். வீட்டுலயும் சம்மதம்தான், அவங்களுக்குச் சொல்லத்தான் தெரியல்ல."

போனை வைத்தாள்.

"என்ன மக்கா சொன்னா?"

"சந்தோஷம்னு சொன்னாங்க. நாம ஆலோசிச்சு முடிக்கட்டும்னுதான் போன்ல விளிக்காம இருந்தாங்களாம்."

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு மெதுவாகக் கேட்டேன்.

"சந்தோஷம்னு எப்பிடிச் சொன்னா?"