அவர் தலையில் போட்ட வருத்தம்

எனக்குக் கருப்பைக் கழுத்தில் புற்றுநோய் என்று கண்டு, கருப்பையை எடுத்து ஆறு கிழமை ஆகியிருந்தது. ஊரில் "கட்டி" என்று மட்டும் சொல்லியிருந்தோம். நிணநீர்க் கணுக்களில் ஒன்றுமில்லை, ஆனால் எடுத்த கட்டியின் சிறு இரத்த, நிணநீர்க் குழாய்களுக்குள் புற்றுநோய்க் கலங்கள் இருக்கின்றன என்றார் டாக்குத்தர்.

"கவனமாப் பாத்துக்கொண்டு இருக்கலாம். இல்லாட்டி அஞ்சு கிழமை கதிர்ச் சிகிச்சை எடுக்கலாம். திரும்ப வாற சாத்தியம் குறையும். ஆனா வயிறு, சலம் போறது எல்லாம் கரைச்சல் குடுக்கும். யோசிச்சுச் சொல்லுங்கோ."

நான் யோசித்தது வயிற்றைப் பற்றியல்ல. ஐந்து கிழமை எங்கள் ஊர் கரம்பொனிலிருந்து ஒவ்வொரு நாளும் ஆசுப்பத்திரிக்குப் போய்வந்தால் சனம் விசாரிக்குமே என்றுதான். அந்த இடத்தில் நோய் என்றால் வேறு கதையும் கட்டுவார்கள்.

"பாத்துக்கொண்டே இருப்பம்" என்றேன்.

வெளியில் வந்ததும் கணவர் கேட்டார். "நீர் பயத்திலை சொன்னனீரோ, வெக்கத்திலை சொன்னனீரோ?"

அழுகைதான் வந்தது. மறுநாள் போய்ச் சிகிச்சைக்குக் கையெழுத்து வைத்தேன்.

முதல் கிழமையே பக்கத்து வளவு அக்கா வாசல் படலையில் மறித்தார். "ரெண்டு பேரும் ஒவ்வொரு நாளும் எங்கை போறியள்?"

"இவருக்குத்தான் ஏலாது அக்கா. நாரி வருத்தம்."

அவருக்கு இடுப்பு நோவென்று என் வாய் தானாகச் சொல்லிவிட்டது. கணவர் என் பையைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார். பிறகு அந்தக் கதை பரவி, பஸ்ஸில் சனம் அவருக்கு எழும்பி இடம் கொடுத்தது. நான் வயிற்றைப் பிரட்டப் பிரட்டக் கம்பியைப் பிடித்து நின்றேன். அவர் எழும்பப் பார்த்தபோது கண்ணால் தடுத்தேன்.

நாலாம் கிழமை அக்கா அவருக்கென்று எண்ணெய் காய்ச்சிக் கொண்டுவந்தார். நான் சமைத்துக்கொண்டிருந்த குசினிக்குள் வந்து குரலைத் தாழ்த்தினார். "பிள்ளை, எனக்குத் தீட்டு நிண்டு மூண்டு வருசம். இப்ப திரும்ப இரத்தம் படுது. ஆரிட்டையும் சொல்லிப்போடாதை."

"கிளினிக்கிலை காட்டுங்கோவன்."

"சீ, இதையெல்லாம் ஆர் காட்டுறது" என்று சிரித்தார். நானும் சேர்ந்து சிரித்தேன். நினைத்தால் இன்றும் உடம்பு கூசுகிறது.

இரண்டு நாள் கழித்துத்தான் அக்காவின் வீட்டுக்குப் போய் உண்மையைச் சொன்னேன்.

"அப்ப அந்த மனுசனுக்கு நாரி நோகேல்லையோ?"

"இல்லை அக்கா."

"கோதாரி" என்று வைதார். அடுத்த நாள் சீலை மாற்றிக்கொண்டு என்னோடு பஸ் ஏறினார்.

அக்காவுக்குப் புற்றுநோய் இல்லை. சின்னத் தசை வளர்ச்சி, எடுத்துவிட்டார்கள். எனக்கும் இரண்டு வருடமாகப் பரிசோதனைகள் நல்லபடியே வருகின்றன. ஆனால் அக்காவுக்கு வேறு முடிவு வந்திருந்தால் சொல்லாமல் மறைத்த அந்த இரண்டு நாளுக்கு நான் என்ன பதில் சொல்லியிருப்பேன்? கணவரிடமும் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை.