மூன்று தண்ணீர்

எழுபதுகளில் கும்மிடிப்பூண்டியில், கசங்காத பருத்தித் துணி செய்யும் ஆலை ஒன்றில் நான் கெமிஸ்ட். துணியை ரெசின் கரைசலில் முக்கிப் பிழிந்து, சூட்டு அறைக்குள் ஓடவிட்டுப் பதப்படுத்துவோம். அதற்குப் பிறகு சோப்புத் தண்ணீரில் அலச வேண்டும். அலசாவிட்டால் துணியில் பார்மலின் தங்கிவிடும். மடிக்கிறவர்களுக்குக் கண் எரியும், கை புண்ணாகும். இதெல்லாம் எனக்கு நன்றாகத் தெரியும்.

ஒரு கோடையில் ஆலைக் கிணறு வற்றியது. ஆர்டரோ கழுத்தை நெரித்தது.

"அலசாம அனுப்புனா துணி கெட்டுடுமா?" என்று மேனேஜர் கேட்டார்.

கெடாது என்றேன். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லிப் பிழைக்கிற சாமர்த்தியம் எனக்கு எப்போதும் உண்டு.

அலசுவதை நிறுத்திப் பத்து நாள் கழித்து, துணி மடிக்கும் பெண் ஒருத்தி லேபுக்கு வந்தாள். பழவேற்காட்டு மீனவக் குடும்பத்து மருமகள். விரல் இடுக்கெல்லாம் வெடித்துச் சிவந்திருந்தது.

"இன்னான்னே தெரில சார். சோத்துல கை வைக்க முடில."

நான் மேனேஜர் அறைக் கதவை ஒரு தரம் பார்த்துக்கொண்டேன்.

"வீட்டுல எறா உரிக்கிறியாம்மா?"

"ஆமா சார். உரிச்சுக் குடுத்துட்டுதான் பஸ்ஸு ஏறுவேன்."

"அதான். எறா முள்ளும் உப்புத்தண்ணியும் சேந்தா இப்படித்தான்."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன். சிறு வயதிலிருந்து இறால் உரித்த கைக்கு இதுவரை வராதது இப்போது மட்டும் ஏன் வந்தது என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அதற்கும் ஏதாவது சொல்லியிருப்பேன், எனக்கென்ன வெட்கம்.

அடுத்த மாதம் வராந்தாவில் எதிர்ப்பட்டாள். கையில் துணி சுற்றியிருந்தது.

"நீங்க சொன்னாமேரி எறாவ உட்டுட்டேன் சார். மாமியாரு ஒரே பேஜாரு பண்ணுது. அந்த நேரத்துக்கு இங்கயே ஓவர்டைம் பாத்துக்கினு கீறேன். இன்னும் ஆறல."

"கொஞ்ச நாள் ஆகும்மா," என்றேன். அவள் தலையாட்டிவிட்டு மடிக்கப் போனாள். அந்தத் தலையாட்டலை நினைத்தால் இன்றும் எனக்கு என்மேல் அருவருப்பாக இருக்கிறது.

அந்த வாரம் ஊழியர்களுக்கு ஆளுக்கொரு சட்டைத்துணி கொடுத்தார்கள். என்னுடையதை அவளே மடித்துக் கொண்டுவந்து தந்தாள்.

"உங்களுக்குன்னு நல்லதா பாத்து எடுத்து வச்சேன் சார்."

பொன்னேரியில் வீட்டுக்குள் நுழைந்ததும் என் மனைவி ஆசையாகக் கையை நீட்டினாள்.

"நீ தொடாத," என்று சொல்லிவிட்டு, கிணற்றடிக்குக் கொண்டுபோய் மூன்று தண்ணீர் விட்டு நானே அலசினேன்.